மருதாணியில் கறுப்பு எங்கிருந்து வந்தது?

திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் மண்ணச்சநல்லூர் கடைவீதியில் எந்த மளிகைக் கடை முன்னால் நின்றாலும் தலைக்கு மேலே சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கும். ஷாம்பு, காபித்தூள், அடுத்து தலைச்சாயம். சாயப் பாக்கெட்டுகள் சிலவற்றில் பச்சைப் பசேலென்று மருதாணிக் கொத்து அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே கன்னங்கரேலென்ற கூந்தலோடு ஒரு பெண் சிரிப்பாள். இலையையும் கூந்தலையும் ஒரே அட்டையில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டோம். ஆடி மாதத்தில் கைக்கு வைத்த மருதாணி யாருக்காவது கறுப்பாகப் பிடித்திருக்கிறதா? சிவக்கும். நன்றாகப் பிடித்தால் கருஞ்சிவப்பாகும். அதற்கு மேல் போகாது. கையில் சிவக்கிற இலை தலையில் மட்டும் எப்படிக் கறுக்கிறது?

வீட்டிலேயே மருதாணியால் நரைக்குச் சாயமிடுவது நல்லதா, ஒத்துக்கொள்ளுமா, எத்தனை நாள் நிற்கும் என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் இந்தக் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். மற்றதெல்லாம் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

இலையிலிருந்தே தொடங்கலாம். மருதாணிக்கு மருதோன்றி, ஐவணம், அழவணம் என்று வேறு பெயர்களும் தமிழில் உண்டு. தாவரவியலார் வைத்த பெயர் லாசோனியா இனெர்மிஸ். பச்சை இலையைப் பறித்து முடியில் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. நிறம் தரும் பொருள் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலையை அரைத்து நீர் சேர்த்து ஊறவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து, காற்றும் பட்டு, லாசோன் என்ற செம்மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. "அரைச்ச உடனே வைக்காதே, கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்று என் அப்பாயி சொன்னது இதற்காகத்தான். கொஞ்சம் புளியோ எலுமிச்சையோ சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். லேசான புளிப்பில் நிறம் நன்றாகப் பிரிந்து வரும்.

உலர்ந்த இலையில் லாசோன் நூற்றில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் அது பிடிக்கிற பிடி பெரிது. நகம், தோலின் மேலடுக்கு, முடி மூன்றுமே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாசோனின் மூலக்கூறு மிகச் சிறியதாகையால் முடியின் செதில்களுக்கு அடியில் நுழைந்து கெரட்டினோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. தோலின் மேலடுக்கு தானாக உதிர்வதால் கையில் வைத்தது பத்துப் பதினைந்து நாளில் மங்குகிறது. முடி அப்படி உதிர்வதில்லை. அந்த முடியை வெட்டும்வரை நிறமும் அதிலேயே இருக்கும். நிறம் முழுக்கப் போய்விட்டதாகத் தோன்றினால், பெரும்பாலும் வேரிலிருந்து புதிய வெள்ளை முடி வளர்ந்து வந்திருக்கும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாசோன் முடியை வெளுக்காது. அதன் மேல் ஒரு நிறத்தைச் சேர்க்க மட்டுமே செய்யும். அதனால் கறுப்பு முடியில் மருதாணி போட்டால் வெயிலில் மட்டும் தெரிகிற ஒரு செம்மை ஏறும். வெள்ளை முடியில் போட்டால் பளிச்சென்ற செம்மஞ்சள். பாதி நரைத்த தலையில் இரண்டும் கலந்து தெரியும். திருச்சி நத்தர்வலி தர்காப் பக்கம் போனால் மருதாணி இட்ட செந்நிறத் தாடியோடு பெரியவர்களைப் பார்க்கலாம். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும். அதுதான் இலையின் உண்மையான நிறம். நரையை மாற்றச் சிறந்தவையாக நபிமொழி மருதாணியையும் 'கதம்' என்ற இன்னொரு செடியையும் சேர்த்தே சொல்கிறது. ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றால் மருதாணிக்கு ஒரு துணைச் செடி வேண்டும் என்பது அரபு நாட்டிலும் அக்காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

நரை ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் மயிர்க்காலில் இருக்கின்றன. அவற்றுக்கு வாரிசுகளைத் தரும் மூலச் செல்கள் வயதோடு குறைகின்றன, அல்லது வேலை செய்வதை நிறுத்துகின்றன. அந்தச் செல்கள் மயிர்க்காலின் ஓரிடத்திலேயே சிக்கி நின்றுவிடுவதால் நரை வருகிறது என்று 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் மக்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். பெரும்பாலும் அது குடும்பவழி. சிலருக்கு வைட்டமின் பி12 குறைவோ தைராய்டுக் கோளாறோ காரணமாக இருக்கும். பள்ளிப் பருவத்திலேயே நரைக்கும் பிள்ளையின் தலையில் சாயம் பூசுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கரிசலாங்கண்ணித் தைலமும் நெல்லிக்காய்த் தைலமும் முடிக்கு மினுமினுப்புத் தரும், வறட்சியைப் போக்கும். முளைத்து வெளியே வந்துவிட்ட வெள்ளை முடியை அவை கறுப்பாக்கா. வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதற்கு உள்ளிருந்து நிறம் ஊட்ட முடியாது.

நரையை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நான் அவர்களோடு வழக்காடுவதில்லை. ஆனால் நரை பற்றித் தமிழ் இலக்கியத்தில் வரும் நினைவுகளில் பெயர்பெற்றவை இந்தக் காவிரிக் கரையைச் சுற்றியே இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனை நேரில் பாராமலே நண்பராகக் கொண்டவர். இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக இருக்கிறது. மனைவி மக்கள் மாண்புள்ளவர்கள், ஏவலர் மனம் அறிந்து நடப்பவர்கள், அரசன் அல்லவை செய்யாதவன், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இதற்கு நேர் எதிரான கதை கரிகாலனுடையது. வயதில் இளையவன் தங்கள் வழக்கைச் சரியாகத் தீர்ப்பானோ என்று இரண்டு முதியவர்கள் தயங்க, அவன் நரைமுடி அணிந்து முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னானாம். பழமொழி நானூறு அதைக் குறிக்கிறது. அவனுக்கும் உறையூரே ஊர். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்தால், தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பன் தன் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம். தசரதன் காதோரத்தில் வெளுத்த ஒற்றை மயிர், அரசை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போ என்று காதில் சொன்னதுபோல் இருந்தது என்று அந்த நூலோடு சேர்த்து வழங்கும் ஒரு பாட்டு சொல்கிறது. நரைக்காதவரை வியந்ததும், நரையை வேண்டி அணிந்ததும், நரையின் சொல்லைக் கேட்டுப் பணிந்ததும் நம்மிடம் உண்டு. மறைப்பது ஒன்றுதான் வழி என்று யாரும் சொல்லிவிடவில்லை. மறைக்க நினைப்பவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நரை எப்படிப் பார்க்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

உறையூரை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அங்கே நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய ஒரு தொட்டி கிடைத்தது. துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டி அது என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் அத்தகைய தொட்டிகள் உண்டு. உறையூர்த் துணி கடல் கடந்து போன காலம் அது. சாயம் என்பது நம் ஊருக்கு நேற்று வந்த பொருள் இல்லை. செடியிலிருந்து கறுப்பை எடுக்கவும் பழைய சாயக்காரர்களுக்குத் தெரிந்த வழிகள் இருந்தன. தலைமுடிக்கும் அவை பொருந்தும்.

முதல் வழி அவுரி. இதற்கு நீலி என்றும் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. இலையில் இருக்கும் இண்டிகன் நீரில் நனைந்ததும் பிரிந்து இண்டாக்சில் ஆகிறது. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நீலமாகிறது. நீலமாக மாறிவிட்ட பிறகு அது நீரில் கரையாது, முடிக்குள் நுழையாது. அதனால் அவுரிப் பொடியைக் குழைத்த பதினைந்து இருபது நிமிடத்துக்குள் தலையில் பூசிவிட வேண்டும். மருதாணியைப் போல முந்தின இரவே கரைத்துவைத்தால் பொடி வீண்தான். கட்டி நீலத்தை உடைத்துத் தலையில் தேய்த்தும் பயன் இல்லை. வெள்ளை முடியில் அவுரியை மட்டும் போட்டால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு சாயல் வரும். முதலில் மருதாணியால் சிவப்பேற்றி, அதன் மேல் அவுரி போட்டால் சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குக் கறுப்பாகிறது. இலையால் வரும் கறுப்பில் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இதுதான்.

இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. திருச்சி பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடையில் போய் "அவுரி இலைப் பொடி" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து, தலையில் ஒன்றும் பிடிக்கவில்லை என்று சலித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் சென்னா இலையையும், அதாவது தென்மாவட்டங்களில் பயிராகும் நிலாவாரையையும், சிலர் அவுரி என்றே சொல்வார்கள். அது வேறு செடி. அதில் நீலம் கிடையாது. சாயத்துக்கு வேண்டும், நீல அவுரி, நீலி என்று விளக்கமாகச் சொல்லி வாங்க வேண்டும். ஒரு சிட்டிகைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து வெள்ளைத் துணியில் அப்பி வைத்தால், நல்ல பொடியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் நீலம் தெரியும்.

இரண்டாவது வழி இரும்பு. கடுக்காய், நெல்லிக்காய், தேயிலை மூன்றிலும் துவர்ப்புப் பொருள், அதாவது டானின், நிறைய உண்டு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கியவர்களுக்கு இது தெரியும். பழைய எழுது மையும், கலம்காரித் துணியில் வரும் கறுப்புக் கோடும் இதே வேதியியல்தான். துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து எடுத்த கரைசலை, கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டினால் கறுப்பு விழுகிறது. மருதாணியை இரும்புச் சட்டியில் டீ டிகாக்‌ஷனும் நெல்லிப் பொடியும் விட்டு ஊறவைக்கும் நம் வீட்டு வழக்கம் இந்த அறிவின் மிச்சம். ஆனால் சட்டியிலிருந்து கரைந்து வரும் இரும்பு கொஞ்சம்தான். செம்மஞ்சளை அது கரும்பழுப்பாக ஆழப்படுத்தும். கறுப்பு என்று சொல்ல முடியாது. இரும்பு ஒட்டிய முடியின் மேல் பின்னால் பார்லரில் பெராக்சைடு கலந்த சாயமோ வெளுப்பானோ போட்டால் சூடேறி முடி முறியக்கூடும். அங்கே போகும் எண்ணம் இருப்பவர்கள் இரும்புச் சட்டியை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கிண்ணமோ பீங்கானோ பயன்படுத்தலாம்.

மூன்றாவது வழிதான் அந்தச் சரத்தில் தொங்குகிறது.

பாரா-பினைலின்டயமின் என்ற பொருளைச் சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். 1863-இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை விவரித்தார். அந்நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பாவில் அது தலைச்சாயமாகிவிட்டது. யூஜின் ஷூலர் என்ற பிரெஞ்சுக்காரர் 1907-இல் தன் முதல் சாயத்தை உண்டாக்கி, 1909-இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்றைய லோரியால் அதிலிருந்து வந்ததுதான். 'தீங்கற்ற தலைச்சாயங்களுக்கான பிரெஞ்சு நிறுவனம்' என்பது அவர் முதலில் வைத்த பெயரின் பொருள். சாயம் விற்பவர் முதலில் சொல்ல வேண்டியிருப்பது தீங்கில்லை என்ற சொல் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. இன்று அந்த இடத்தில் 'ஹெர்பல்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது.

பிபிடி தானாக நிறமற்றது. ஆக்சிஜன் தரும் ஏதாவது ஒன்றோடு சேர்ந்தால் முடிக்குள்ளேயே பெரிய மூலக்கூறாகக் கோத்துக்கொண்டு அரை மணியில் ஆழ்ந்த கறுப்பாகிவிடும். மருதாணிப் பொடியோடு பிபிடியையும், ஆக்சிஜன் தருவதற்குப் பேரியம் பெராக்சைடு போன்ற ஒன்றையும் கலந்துவிட்டால், தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினாலே போதும். இதுதான் 'கறுப்பு மருதாணி'. அதில் மருதாணி இருப்பது உண்மை. கறுப்பைத் தருவது மருதாணி இல்லை என்பதும் உண்மை.

என் சித்தி நான்கு வருடம் அப்படி ஒரு பாக்கெட்டைப் பயன்படுத்தினார். ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பூசினார், சனிக்கிழமை காலையில் கண் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி, நெற்றி தடித்து, காதின் பின்னால் நீர் வடிந்தது. தோல் மருத்துவர் கேட்டபோது, "டாக்டர், நான் டை எல்லாம் அடிக்கிறதில்லீங்க, மருதாணிதான் போடுறேன்" என்று சித்தி சொன்னார். பாக்கெட்டை எடுத்து வரச் சொன்னார் மருத்துவர். ஊசி முனை எழுத்தில், ஆங்கிலத்தில், அந்தப் பெயர் இருந்தது. சித்திக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அட்டையில் அவர் படித்தது இலையின் படத்தை.

நான்கு வருடம் ஒன்றும் செய்யாத பொருள் ஐந்தாம் வருடம் ஏன் இப்படிச் செய்தது? ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடல் ஒரு பொருளைப் பல முறை சந்தித்து, ஒரு கட்டத்தில் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கடுமையாக எதிர்க்கக்கூடும். அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அழியாது. சில மரப்பு மருந்துகளும் துணிச் சாயங்களும்கூட அதன்பின் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 2006-இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் பிபிடியை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்து எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. விழாக்களில் 'கறுப்பு மருதாணி' என்று குழந்தைகளின் கையில் வரையும் கோலம் இன்னும் ஆபத்தானது. பத்து வயதில் கையில் வரைந்ததால் உடல் பகையாகிப்போய், இருபத்தைந்து வயதில் முதல் முறை தலைச்சாயம் பூசும்போது முகம் வீங்கியவர்கள் உண்டு. பிபிடி வாய்க்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், தசை சிதைந்து சிறுநீரகம் பழுதுபடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பாக்கெட்டைப் பூச்சிமருந்துபோலப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் ரசாயனச் சாயம் போட்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தும் பேச்சோடு நான் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட மதிப்பீடு தெளிவாக இருக்கிறது. முடிதிருத்தும் தொழிலில் நாள் முழுக்கச் சாயத்தோடு பழகுவோருக்கு அபாயம் இருக்கக்கூடும் என்கிறது. வீட்டில் தனக்குத்தானே பூசிக்கொள்வோர் விஷயத்தில் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்கிறது. நம் கவலை முதலில் சலூனில் கையுறை இல்லாமல் டை அடித்துவிடும் தம்பிகளைப் பற்றி இருக்க வேண்டும். ஒவ்வாமை வேறு விஷயம். அது இன்றே, இந்த ஊரிலேயே, நம் வீட்டிலேயே நடக்கிறது.

பிபிடி உள்ள சாயங்களின் மேல் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும், முன்கூட்டியே சிறு சோதனை செய்யச் சொல்ல வேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை போகக்கூடும் என்று குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. விதி நல்ல விதி. அந்த எச்சரிக்கை இலைப் படத்தின் அளவுக்குப் பெரிதாக, முன்பக்கத்தில், தமிழில் இருந்தால் என் சித்தி அதைப் படித்திருப்பார். நான் கேட்பது அவ்வளவுதான்.

அப்படியானால் சுத்தமான மருதாணி முழுக்கப் பத்திரமா? ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2013-இல் இதை ஆராய்ந்தது. 100 கிராம் பொடிக்கு 300 மில்லி கொதிநீர், பொடியில் லாசோன் 1.4 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் இருந்தால் தலைச்சாயமாகப் பாதுகாப்பானது என்பது அதன் முடிவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் மருதாணியைத் தலைச்சாயமாக ஏற்கிறது. ஒரு விலக்கு உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பெரியவர்களின் தலைமுடியில் பூசுவதைவிடப் பச்சிளம் குழந்தையின் தோலில் அப்புவதுதான் இங்கே பெரும் அபாயம். பிறந்த பிள்ளைக்குக் கையிலும் காலிலும் மருதாணி வைக்கும் ஆசையை ஒத்திப்போட வேண்டும்.

பொடியிலும் கலப்படம் உண்டு. பழைய இலையைப் பச்சையாகக் காட்டச் சாயம் சேர்ப்பார்கள், எடைக்கு மண் சேர்ப்பார்கள், சிவப்பு கூடச் சோடியம் பிக்ராமேட் சேர்ப்பார்கள். பொடியைத் தண்ணீரில் தூவியதும் நீர் பளீரென்று பச்சையானால் ஐயப்படலாம். கிண்ணத்தின் அடியில் மணல் தங்குகிறதா என்றும் பார்க்கலாம். நம் கடைகளுக்கு வரும் பொடிக்கு ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் பெரிய சந்தை. சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பார்த்து வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். மருதாணி இலைப் பொடி என்ற ஒன்றைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுப் பள்ளிப்பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். பிபிடி, டயமின், ரிசார்சினால், பெராக்சைடு, பெர்போரேட் என்ற ஒலி காதில் விழுந்தால் அது மருதாணிப் பொடி இல்லை. அரை மணியில் கறுக்கும் என்று எழுதியிருந்தால் படிக்கவே வேண்டாம்.

இனிச் செய்முறை. தோள்வரை முடிக்கு 100 கிராம் பொடி போதும். வெதுவெதுப்பான நீரிலோ ஆறிய டீ டிகாக்‌ஷனிலோ இட்லிமாவுப் பதத்துக்குக் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். அதற்கு மேல் பிழிந்தால் முடி வறளும். புத்தகங்களில் எட்டு மணி நேரம் ஊறவைக்கச் சொல்வார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூன்று நான்கு மணியில் நிறம் இறங்கிவிடும். கார்த்திகை மார்கழியில் ஓர் இரவு வேண்டும். ஒரு துளியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்தால் செம்மஞ்சள் கறை தெரிய வேண்டும். அதுதான் பதம்.

முட்டை, தயிர், எண்ணெய் சேர்ப்பது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். நிறம் வேண்டாம், குளிர்ச்சியும் மென்மையும் போதும் என்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். நரை மறைய வேண்டுமென்றால் வேண்டாம். லாசோன் புரதத்தைத் தேடி ஒட்டும் பொருள். முட்டையிலும் தயிரிலும் இருக்கும் புரதத்தில் ஒட்டியது போக மிச்சம்தான் முடிக்கு வரும். எண்ணெய் முடிக்கு மேல் ஒரு உறைபோல நின்றுவிடும். முதல் நாளே சீயக்காய் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட வேண்டும். காபித்தூள் சேர்த்தால் வாசனை நன்றாக இருக்கும். நிறத்துக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலையில் பூச வேண்டும். இலைதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. பிறகு வகிடு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து பூசி, வாழை இலையாலோ பழைய பிளாஸ்டிக் உறையாலோ மூடி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். சளி பிடிக்கிற உடம்புக்காரர்கள் ஒன்றரை மணியோடு நிறுத்தி, வெயில் ஏறிய பிறகு மட்டும் செய்யலாம். வெறும் நீரில் அலச வேண்டும். அன்றைக்கு முடி கேரட் நிறத்தில் இருக்கும். பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு நாளில் அது ஆழ்ந்துவிடும்.

கறுப்பு வேண்டுவோர் அன்றே, அல்லது மறுநாள், அவுரிப் பொடியை ஒரு சிட்டிகை உப்போடு வெதுவெதுப்பான நீரில் குழைத்து உடனே பூசி, ஒன்றரை மணி விட்டு அலச வேண்டும். இதிலும் முதல் நாள் பச்சை தெரியும். ஷாம்பு போடாமல் இரண்டு நாள் பொறுத்தால் கறுப்பு நிற்கும். இரண்டு பொடியையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் பூசினால் பழுப்பு வரும். ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்தப் பழுப்பே முகத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பது என் எண்ணம். அவுரி மருதாணியைவிடச் சீக்கிரம் மங்கும். முடியை முழுக்க மறுபடி பூச வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வேரோரம் மட்டும் போதும்.

கணக்குப் பார்த்தால் ஒரு நாள் இதற்கே போகிறது. எங்கள் ஊர் அரிசி ஆலைக்கு விடிந்ததும் போய்ப் பொழுது சாய்ந்து வரும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் இல்லை. சில்லறைக் காசுக்குக் கிடைத்து அரை மணியில் முடிகிற பாக்கெட்டை அவர் வாங்குவதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் நான் சொல்வது வேறு. அதையே வாங்கினாலும் அது டை என்று தெரிந்து வாங்குங்கள், காதோரம் ஒரு துளி தடவிப் பாருங்கள், அரிப்பு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் மருதாணி மட்டுமாவது போடுங்கள். நீல அவுரி வாங்கக் காசில்லாவிட்டாலும் செம்பழுப்புத் தலையில் ஒரு குறையும் இல்லை.

இலைக்குக் காசும் வேண்டாம். எங்கள் தெருவில் வேலியோரம் இரண்டு மருதாணிகள் நிற்கின்றன. ஐப்பசி மழையில் விரல் பருமன் குச்சியை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். வெயிலைத் தாங்கும், ஆடு அதிகம் கடிக்காது. இலையைக் கொய்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்து நிறமும் குறையும். நொறுங்குகிற பதம் வந்ததும் மிக்சியில் அடிக்கலாம், நிறைய இருந்தால் மாவு மில்லில் கொடுக்கலாம். மில்காரர் கடைசி ஈடாகத்தான் அரைத்துத் தருவார். அரிசி மாவில் பச்சை கலந்துவிடும் என்பார், அது நியாயம்தான். மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்தால் ஒரு வருடம் வரும். போன வாரம் சித்தி வந்து அந்த வேலியில் நான்கு குச்சி ஒடித்துக்கொண்டு போனார்.